அப்பாவின் கார்டில் தெரியாத பெயர்

ஒக்டோபர் 6, திங்கள்

விடிய இருந்து மழை. கொட்டாஞ்சேனை ரோட்டெல்லாம் தண்ணீர். சப்பாத்து இன்னும் காயவில்லை. விஞ்ஞான டெஸ்ட் பரவாயில்லை.

அப்பாவின் கிரெடிட் கார்ட் கணக்கு வந்தது. அதில் ஆங்கிலத்தில் ஒரு பெயர். கடையா, கம்பனியா, தெரியாது. பழைய கணக்குகளையும் எடுத்துப் பார்த்தால், ஜூலையிலிருந்து மாதம் ஒரு தடவை டொலரில் காசு போயிருக்கிறது.

"ஆர் இதுக்குக் கட்டினது?"

அப்பா தாளை மேசையில் வைத்துக் கேட்டார். இந்த மாடி முழுக்க கார்ட் உள்ளவர் அப்பா மட்டும்தான். விசா, சோதனைக் கட்டணம், ஒன்லைன் உடுப்பு, எல்லாவற்றுக்கும் ஆட்கள் இங்கே வந்து, காசைக் கையில் தந்துவிட்டு நம்பர் அடிப்பார்கள். கார்ட் அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் இருக்கும். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா ரஜனி அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்காவுக்கு ஊர் வவுனியா. எங்கள் வீட்டில் வாடகைக்குப் போர்டிங், படுப்பது என் அறையில். வெளிநாட்டு நர்சிங் சோதனைக்கு ஜூலையில் அப்பாவின் கார்டில்தான் கட்டினார்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

அப்பா பாங்குக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் ஒரு மிஸ், பாதி சிங்களம், பாதி இங்கிலிஷ். பின்பக்க நம்பரும் சரியாக அடித்திருக்கிறதாம். கார்டைக் கையில் வைத்திருந்த யாரோதானாம்.

"வீட்டுக்குள்ளதான் கள்ளன்," என்றார் அப்பா. பிறகு அம்மாவிடம், "இண்டைக்குச் செவ்வாய்தானே, கொச்சிக்கடைக் கோயில்ல மெழுகுதிரி கொளுத்து. அந்தோனியார் பிடிச்சுத் தருவார்."

"தலையிடி. அடுத்த கிழமை போறன்."

அம்மா செவ்வாய் தவறவிட்டு நான் கண்டதில்லை. போன வருடம் காய்ச்சலோடும் போனவர்.

அக்காவில் எனக்கு இன்னொரு சந்தேகம். வெள்ளவத்தையில் டியூஷன் கட் பண்ணி என் சிநேகிதி டிலானியோடு கடற்கரைக்குப் போனது அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? சோறு போடும்போது, "கடல்காத்து நல்லாயிருந்ததோ மகள்?" என்று கேட்டார். டிலானிக்குப் போட்ட மெசேஜை அக்காதான் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கிழமையாக அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஒக்டோபர் 8, புதன்

அப்பா சொல்லிவிட்டார். "பிள்ளை, குறை நினைக்காத. சனிக்கிழமைக்குள்ள வேற இடம் பார்."

"அங்கிள், நான் ஒருக்காத்தான் எடுத்தனான். அதுவும் உங்களுக்கு முன்னால."

குசினியில் அம்மா வெங்காயம் வெட்டுகிற சத்தம் நின்றது. பிறகு திரும்பவும் கேட்டது.

அக்காவின் சோதனைக்கு மூன்று கிழமைதான். பொரளையில் அறை விசாரித்தாராம், பெரிய முற்பணம் கேட்கிறார்கள். இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை. நான் போர்வைக்குள் டோர்ச்சோடு.

ஒக்டோபர் 9, வியாழன்

பள்ளிக்கூடக் கம்பியூட்டரில் அந்தப் பெயரைத் தேடினேன். பிள்ளைகளின் போனைப் பெற்றோர் பார்க்கும் ஆப். போன இடம், மெசேஜ், எல்லாம்.

ஜூலையில் அம்மா என் போனைக் கண்ணாடி மாற்றவென்று கொண்டுபோனார். திரும்பி வந்தபோது கீறல் அப்படியே இருந்தது. "கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்," என்றார்.

டிலானிக்கு என்னென்ன எழுதினேன்? கணக்கு மார்க்ஸ், அப்பாவின் குறட்டை, அம்மாவின் புளிக்கறி. எல்லாம் வாசித்திருக்கிறார்.

அப்பாவிடம் சொன்னால் கடற்கரை வெளியே வரும். டியூஷன் நிற்கும், போன் போகும். சொல்லாவிட்டால் அக்கா ரோட்டில். அம்மா ஏன் கடற்கரையை இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை? அம்மாவிடம் நேரே கேட்க எனக்கு வாய் வராது.

ஒக்டோபர் 10, வெள்ளி

அக்கா பெட்டி அடுக்குகிறார். எனக்கு ஒரு பேனை தந்தார். "சோதனைக்கு வைச்சிரு." அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பின்னேரம், வேண்டுமென்றே, டிலானிக்கு மெசேஜ்:

"ரஜனி அக்கா களவெடுக்கேல்ல. அந்தக் காசு எதுக்குப் போகுது எண்டு எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அக்கா போக முதல் அம்மா அப்பாட்டச் சொல்லுவா. கடற்கரைக்குப் போனது என்ர பிழைதான்."

டிலானி: "லூசா? ஆரோட கதைக்கிறாய்?"

இரவு அம்மா சாப்பிடவில்லை.

ஒக்டோபர் 11, சனி

மழை இல்லை. காலையில் அக்காவை ஏற்ற த்ரீவீல் கீழே வந்து நின்றது. பெட்டி கதவடியில். அம்மா அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். கண் வீங்கியிருந்தது.

"கார்டை எடுத்தது நான்."

அப்பா பேப்பரை இறக்கினார். "என்னத்துக்கு?"

"பிறகு சொல்றன். முதல்ல த்ரீவீலைத் திருப்பி அனுப்புங்கோ."

அக்கா பெட்டிக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்தார். சனிக்கிழமையில், கொச்சிக்கடைக்கு. வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"நீயும் வா. போனை வீட்டில வைச்சிட்டு வா."