பின்னால் பார்த்த இருக்கை

ஜூன் 9

எனக்கு முழங்கால் வலி இல்லை. தண்ணீரைக் கண்டு பயமும் இல்லை. இரண்டையும் என் மகன் இன்று மதியம் தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். "அம்மாவுக்கு முட்டி வலி, தண்ணின்னா இப்பல்லாம் பயம், அதான் படகுல ஏறல." நான் பக்கத்து அறையில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். காது நன்றாகவே கேட்கிறது.

நான் ஏறாததற்கு ஒரே காரணம், என் இருக்கையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

வேறொருத்தி என்று எழுதியது தவறு. சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார்.

இந்த ஏரி வீட்டுக்கு மகன் தவழும் வயதிலிருந்து கோடைதோறும் வருகிறோம். பெட்டிகளைத் திறப்பதற்கு முன்னால் படகு ஒரு சுற்று போய்வர வேண்டும். அது எங்கள் வீட்டு வழக்கம். என் கணவர் ஓட்டுவார். அவருக்குப் பின்னால், பின்பக்கம் பார்த்தபடி ஒரு சின்ன இருக்கை. அதில் நான். படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்கீ பலகையில் தண்ணீர்மேல் சறுக்கி யார் வந்தாலும் அவர்களைப் பார்ப்பது என் வேலை. மோட்டார் சத்தத்தில் பேச்சு கேட்காது. கையைப் பின்னால் நீட்டி அவர் தோளில் ஒருமுறை தட்டினால் மெதுவாக, இரண்டுமுறை தட்டினால் வேகமாக. உள்ளங்கையால் அழுத்தினால் நிறுத்த வேண்டும். அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. "முன்னாடி என் பாடு, பின்னாடி உன் பாடு" என்பார். மகனையும் அப்படித்தான் பழக்கினார். அவர் போன பிறகு மகன் தோளில் தட்டுகிறேன்.

தட்டினேன் என்று எழுத வேண்டுமோ?

"இங்க உட்காருங்க அத்தை, வியூ அருமையா இருக்கும்" என்று மாமியாரைக் கைபிடித்து ஏற்றிவிட்டான். வியூவாம்!

ஜூன் 10

சம்பந்தியம்மாவுக்கு ஸ்கீயிங் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது. அறுபத்திரண்டு வயதில். காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டே, "நீச்சலே எனக்குச் சுமார்தான். இருந்தாலும் ஒரு தடவை நின்னு பார்த்துடணும் மாப்பிள்ளை. விழுந்தா மீனுங்க சிரிக்கட்டும்" என்றார். மகன் கைதட்டினான். மருமகள் தன் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

இத்தனை கோடையில் என்னை யாராவது கேட்டார்களா? இல்லை. நான் ஆசை என்று சொன்னேனா? அதுவும் இல்லை. அது வேறு விஷயம்.

என்னை "அக்கா" என்கிறார். எப்போது நான் அவருக்கு அக்கா ஆனேன்? அவர் சிரித்தால் எதிர்க்கரைப் படகுத்துறையில் இருப்பவர்கள் திரும்புகிறார்கள். நான் படித்த கான்வென்டில் அப்படிச் சிரித்தால் வராந்தாவில் நிற்க வேண்டும்.

எல்லோரும் படகில் ஏறிய பிறகு மகனுக்கு நினைவு வந்தது. "நீங்களும் வாங்களேன்மா." தலைவலி என்றேன். பின்னிருக்கையில் மருமகள். கரையை விட்டுக் கிளம்பும்முன் என்னிடம் கேட்டாள்: "அத்தை, இதுல உட்கார்றவங்க என்ன செய்யணும்?"

"ஒண்ணுமில்ல. பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா போதும்" என்றேன்.

ஜூன் 11

விழுந்தார். மறுபடியும் விழுந்தார். படகு இழுப்பதற்கு முன்பே எழுந்துவிடுகிறார். கயிற்றை நெஞ்சுக்கு இழுத்துக்கொள்கிறார். முழங்காலை மடக்கிப் பந்துபோல் உட்கார்ந்து, படகே தூக்கும்வரை காத்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. துறையில் நாற்காலி போட்டுக் குடை பிடித்துக்கொண்டு பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. உண்மையைத்தானே இங்கே எழுத வேண்டும்.

"கைப்பிடிய விட்டுடறீங்க அத்தை! என்ன ஆனாலும் விடாதீங்க, கெட்டியா பிடிச்சுக்குங்க." வாயில் தேன் ஒழுகுகிறது அவனுக்கு. என் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி எத்தனை நாளாகிறது.

ஜூன் 12

நின்றுவிட்டாள்.

நானும் கைதட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். பிறகு உண்மையாகவே தலைவலி வந்தது.

ஜூன் 13

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

காலையில் மறுபடி போனார்கள். நான் துறையில். நன்றாகத்தான் நின்றார், கையசைக்கக்கூடச் செய்தார். வளைவில் சரிந்து விழுந்தார். கைப்பிடியை விடவில்லை. விடாதீர்கள் என்று சொல்லியிருந்தானே! படகு இழுத்துக்கொண்டே போகிறது, தலை தெரிகிறது, முழுகுகிறது. மருமகள் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்துகிறாள். காலை முழுக்க உற்சாகத்தில் கத்திக்கொண்டிருந்தவள்தான். அவனுக்கு எந்தச் சத்தம் எது என்று எப்படித் தெரியும்? அவன் முன்னால் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறான். தோளில் கை விழவில்லையே, அப்படியென்றால் எல்லாம் சரி. அவன் அப்பா பழக்கியது அப்படி.

நான் குடையைப் போட்டுவிட்டுத் துறை விளிம்புவரை ஓடினேன். கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

கடைசியில் அவரே கையை விட்டார். மிதவைச் சட்டை தூக்கி நிறுத்தியது. தோள் பிசகியிருக்கிறது, நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறார். மருத்துவர் கையைக் கட்டி அனுப்பினார். உயிருக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

மருமகள் அழுகிறாள். மகன் அவளைத் திட்டுகிறான்: "தோள்ல அழுத்தணும்னு தெரியாதா உனக்கு?" "யாரு சொன்னா எனக்கு?" என்கிறாள். அவளுக்குத் தெரியும் என்று அவன் நினைத்திருந்தானாம், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று.

நான் அந்த அறையில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 14

சம்பந்தியம்மாவுக்குச் சூப் எடுத்துப்போனேன். இடது கையால் ஸ்பூனைப் பிடித்தபடி, "நீங்க உட்கார்ந்திருந்தா இது நடந்திருக்காது அக்கா" என்றார்.

இதைக் கேட்கத்தானே ஐந்து நாளாக ஏங்கினேன்?

சொன்னேன். மருமகள் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும், எனக்கு எல்லாம் தெரிந்திருந்ததையும். மகனையும் மருமகளையும் அழைத்து அவர்கள் முன்னாலும் மறுபடி சொன்னேன்.

மகன் எழுந்து வெளியே போனான். மருமகள் என்னைப் பார்க்கவில்லை.

சம்பந்தியம்மா கேட்டார்: "ஒரு சீட்டுக்காகவா?"

"ஆமா. ஒரு சீட்டுக்குத்தான்."

"எங்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே எழுந்திருச்சிருப்பேனே."

கேட்கத் தெரிந்திருந்தால் நான் நானாக இருப்பேனா?

ஜூன் 15

கிளம்பிவிட்டார். "வரேன் சம்பந்தியம்மா" என்றார். அக்கா இல்லை.

ஜூன் 30

மூன்று முறை எழுதிக் கிழித்த பிறகு இன்று காலை தபாலில் சேர்த்தது. என் பார்வைக்கு ஒரு நகல்:

"சம்பந்தியம்மாவுக்கு, வணக்கம். தோள் எப்படி இருக்கிறது என்று உங்கள் மகள் மூலம் தெரிந்துகொள்கிறேன். உங்களிடம் நேரே கேட்க இன்னும் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் போன பிறகு மருமகளைப் படகில் உட்காரவைத்து, எப்போது தட்ட வேண்டும், எப்போது அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். என்னோடு அதிகம் பேசவில்லை. ஆனால் சரியாகக் கற்றுக்கொண்டாள். இனி அந்த இருக்கையில் நான்தான் உட்கார வேண்டும் என்பதில்லை.

நீங்கள் அவசரப்பட்டு எழுகிறீர்கள். காலை மடக்கி, படகு தூக்கும்வரை பொறுத்திருங்கள். விழுந்தால் உடனே கைப்பிடியை விட்டுவிடுங்கள். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த கோடைக்கு வருவீர்களா? வந்து மறுபடி தண்ணீரில் இறங்குவதானால், உங்களைப் பார்த்துக்கொள்ள யார் உட்கார வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். நான் வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் கரையில் இருப்பேன். பிள்ளைகளிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், தொலைபேசியும் வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்."