அழகுக்காகச் செய்யும் சிகிச்சை

புதன், இரவு.

இன்று எங்கள் இன்சூரன்ஸ் கால் சென்டருக்கு ஜோகுபாளையத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். பெண் என்று வளர்த்த பிள்ளை இப்போது ஆணாக வாழ்கிறானாம். மார்பு ஆபரேஷனுக்குப் பணம் வருமா என்று கேட்டார். "எம் பையனுக்கு" என்றுதான் சொன்னார். தடுமாறவே இல்லை.

திரையில் இருந்ததைப் படித்தேன். அது அழகுக்காகச் செய்யும் சிகிச்சை, பணம் கிடைக்காது.

"அழகுக்கா? இந்த வெயில்ல ரெண்டு பனியன் இறுக்கிப் போட்டுக்கிட்டு டெலிவரி போறான்மா. மூச்சு வாங்குது அவனுக்கு."

நானும் அவனைப் போலத்தான். ஆபீசில் யாருக்கும் தெரியாது. போன வருஷம் விசாரித்தபோது எனக்கும் இதே பதில்தான் வந்தது.

ஆபரேஷன் அவசியம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, மறுபடி கேட்கச் சொன்னேன். இப்படியெல்லாம் யோசனை சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. பேசுவது எல்லாம் பதிவாகும்.

"உம் பேரு என்னம்மா?"

ஆபீஸ் அட்டையில் ரேவதி என்று இருக்கிறது. "கதிர்" என்றேன்.



"சரிப்பா கதிரு. நீயும் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.