ஒரே படியில் விழுகிற பெண்

கொழும்பு,
6.3.1979

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். தோட்டத்து லயத்து வீட்டுப் படியில் மறுபடியும் விழுந்தீர்கள் என்று அப்பா எழுதியிருந்தார். கைவலி குறைந்ததா?

நான் சமைக்கும் மடத்தில் போன வாரம் ஒரு கூட்டம். மனைவியை அடிக்கிறவனை வீட்டைவிட்டு விலக்கச் சட்டம் வேண்டுமென்று சிஸ்டர்மார் அரசாங்கத்துக்கு மனு எழுதுகிறார்கள். "ஒனக்குத் தெரிஞ்சதச் சொல்லும்மா" என்றார் மதர். வருஷா வருஷம் ஒரே படியில் விழுகிற அப்புத்தளைத் தோட்டத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

பூசைக்குப் போட முக்காடு இல்லை. என் வெள்ளை முக்காட்டைத் தபாலில் போடாமல் நீங்களே கொண்டுவாருங்கள். கோட்டை ஸ்டேஷனில் நிற்பேன்.

அப்பா, அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுவது நீங்கள்தான். ஒரு வரியும் விடாதீர்கள். பெரிய வெள்ளிக்குள் அம்மா வந்து இறங்காவிட்டால் அந்தப் பெண்ணின் பெயரையும் சொல்லிவிடுவேன்.

மகள்,
லூர்தம்மா