திரைக்கு உள்ளிருந்து வந்த பதில்

அக்குறணை,
14 ஒக்டோபர் 1996

அன்பு மகன் ஹபீலுக்கு, உம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் ராத்தா ரபீகாவும் தங்கச்சி றமீலாவும் இங்கே சுகம், அந்தத் தோஹா வெயிலில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். போன கிழமை மழையில் பிங்கா ஓயா பெருகி ரோட்டுக்கே வந்துவிட்டது, கடைக்காரர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துணிக் கட்டுகளை மேல் தட்டுக்கு ஏற்றினார்கள், நம் வீடு மேட்டில் இருப்பதால் தப்பினோம். ரபீகாவின் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, உன் போட்டோவைக் காட்டிக் காற்றுப் போகப் போக ஹபீல் மாமா ஹபீல் மாமா என்கிறாள், கேட்டால் சிரித்தே சாவாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து வாசி. வாப்பாவின் தம்பி என்ற உரிமையில் உன் மஹ்மூத் சாச்சா றமீலாவுக்கு ஒரு மாப்பிள்ளை கொண்டு வந்திருக்கிறார். திகனயில் ஹார்ட்வெயார் கடை, வயது முப்பத்துநாலு, முதல் மனைவியைத் தலாக் சொல்லி அனுப்பி ஒரு வருடமாகிறது. நம் பிள்ளைக்குப் பதினாறு, டிசம்பரில் ஓ.எல். சோதனை. நான் முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார், அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாப்பா மௌத்தான பிறகு தங்கச்சிக்கு வொலி ஹபீல்தானே, பொறுப்பாளி அவன் சம்மதம் தந்தாப் போதும், நீங்க ஏன் மதினி இதில தலைய போட்டுக்கிறீங்க என்று கேட்டார். சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் பதினெட்டு முடியாமல் கலியாணம் எழுத முடியாது என்று போன வருடம் சட்டம் மாற்றினார்களே, அது நம் பிள்ளைகளுக்கு இல்லை என்பதையும் அவரே சொன்னார், ஏதோ நமக்குக் கிடைத்த பரிசு மாதிரி.

உன் ராத்தாவின் கலியாணத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நிக்காஹுக்கு முன் இரண்டு பேர் வந்து திரைக்கு வெளியே நின்று, இன்னாருக்கு உன்னைக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்பார்கள் அல்லவா, பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நம் வழக்கம். அன்றைக்கு ரபீகா பேசாமல் இருக்கவில்லை, தேம்பித் தேம்பி அழுதாள். அது வெட்கம், அழுகையும் சம்மதம்தான் என்று அவர்கள் சபையில் போய்ச் சொல்லிவிட்டார்கள். பதிவுப் புத்தகத்தில் வாப்பா கையெழுத்து வைத்தார், மாப்பிள்ளை வைத்தான், பதிவுகாரர் வைத்தார். கலியாணம் யாருக்கோ, அவளுடைய கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை. பிறகு அடி தாங்காமல், அவனிடமிருந்து பிரித்துவிடுங்கள் என்று அவள் ஃபஸஹ் கேட்டு, நம் கலியாண வழக்குகளைத் தீர்க்கிற காதியாரிடம் போனபோது நான்தான் கூடப் போனேன். கன்னத்தில் வீக்கம் இருந்தது, கண்ணுள்ள எவருக்கும் தெரியும். காதியார் இரண்டு சாட்சி கொண்டு வா என்றார். கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கிறவன் சாட்சியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டா அடிப்பான்? பொறுமையாயிருங்க, புருஷன்தானே என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் அவனுக்கே வேறொருத்தி வேண்டியிருந்தபோது தலாக் கொடுத்தான். அவனிடம் சாட்சியும் கேட்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. அன்றைக்கு வாசலில் நின்று நான் முடிவு செய்தேன், இன்னொரு மகளை இந்தப் படிக்கு ஏற்றுவதில்லை என்று.

இதை வாசித்துவிட்டு உம்மா மார்க்கத்தை எதிர்க்கிறா என்று நினைத்துவிடாதே. ஐந்து நேரம் தொழுகிறவள்தான் நான். பெண்ணைக் கேட்காமல் கட்டிக் கொடுக்கக் கூடாது என்று எனக்குச் சின்ன வயதிலேயே ஓதித் தந்திருக்கிறார்கள். கேட்கச் சொன்னது பதிலைக் காதில் வாங்கத்தானே. நம் கலியாணத்துக்கான இந்தச் சட்டப் புத்தகம் வானத்திலிருந்து இறங்கவில்லை, கொழும்பில் ஆண்கள் உட்கார்ந்து எழுதினது, எழுதினதைத் திருத்தலாம்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு சாச்சா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கையில் இனிப்புக்கு வட்டிலப்பம் வேறு, அவ்வளவு நம்பிக்கை. பிள்ளை வாய் திறக்க மாட்டாள், அதோடு பேச்சு முடிந்தது, உனக்கு எழுதிவிடலாம் என்பது அவர் கணக்கு. திரைக்கு வெளியே நின்று கேட்டார்கள். றமீலா கணித விடைத்தாளைக் கீழே வைத்துவிட்டு எழும்பினாள். வேணாம் சாச்சா, எனக்கு இந்தக் கலியாணம் வேணாம் என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை மகன், பேசாத பெண்ணுக்குத்தான் அவர்களிடம் முறை இருந்தது, பேசுகிற பெண்ணுக்கு இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, உன் ராத்தா அடுப்படியில் நின்று அழுதாள். சாச்சா முகம் கறுத்து, பொம்பளப் புள்ள சொல்லு செல்லாது, ஹபீல் சொல்லட்டும் என்றுவிட்டுப் போனார். வட்டிலப்பத்தை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார், நாங்கள் சாப்பிட்டோம், நன்றாகத்தான் இருந்தது.

இனி உனக்கு ஒரு கடுதாசி வரும், உனக்குப் பதிலாக நின்று நிக்காஹ் முடிக்க அவருக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்து வை என்று. உனக்கு விசா எடுத்துத் தந்தவர் அவர்தான், அதை நான் மறுக்கவில்லை. அந்த நன்றிக்கு அவர் மகனின் கலியாணத்துக்கு வந்து பந்தலில் ஓடியாடி வேலை செய், தங்கச்சியைக் கொடுக்காதே. பேசாமல் இருந்துவிடலாம் என்றும் நினைக்காதே, நம் ஊரில் பேசாமல் இருப்பதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள் என்று உனக்குத் தெரியும். முடியாது என்று எழுது, சாச்சாவுக்கு ஒன்று, பள்ளிவாசல் தலைவருக்கு ஒன்று, பதிவுகாரருக்கு ஒன்று. அதையும் உன் பேச்சாக எழுதாதே, என் தங்கச்சி வேண்டாம் என்கிறாள், அதனால் முடியாது என்று எழுது. ஆண் குரல்தான் அவர்களுக்குக் கேட்கும் என்றால் அந்தக் குரலில் அவள் சொன்னதே போய்ச் சேரட்டும். நீ எழுதாவிட்டாலும் இந்தக் கலியாணம் நடக்காது, பதிவுப் புத்தகத்தோடு வருகிறவர் என்னைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும், ஆனால் என் மகன் என் பக்கம் நிற்கிறான் என்று இந்த ஊர் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வேலைக்குப் போகும்போது தலையில் துணி கட்டிக்கொள், ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் தெளிவான நாவையும் தரட்டும். மூன்று கடிதம் என்றேன், மறந்துவிடாதே. பதிவுப் புத்தகத்தில் இடமில்லாதவளுக்கு என் கடிதத்தில் இடம் விட்டிருக்கிறேன், கீழே பார்.

உன் உம்மா,
கைரியா

ஹபீல் நானா, எனக்கு வேணாம். நான் படிக்கப் போறேன்.
றமீலா