எலிக்கு இறங்கிய சர்க்கரை

கோர்படி, புனே
ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், நீயும் கடல் கடந்த அந்த டுனெடின் ஊர்க் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, இன்சுலின் ஊசி போட்டு நன்றாயிருக்க ஜெபிக்கிறோம். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க உனக்கு ஒரு வாரம் ஆகும், தெரியும், ஆனாலும் போனில் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. விஷயம் இதுதான், ஒரு எலிக்கு சுகர் நார்மலாகிவிட்டது! அதற்காக நேற்று நம் லைன் வீடுகள் முழுக்க பால் பேடா கொடுத்தேன்.

சிரிக்காதே, முதலிலிருந்து சொல்கிறேன். ரிட்டையர் ஆனபின் கோந்த்வாவில் பரமசிவத்தின் லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் அல்லவா, அங்கே மார்ச் மாதம் டாக்டர் வைஜயந்தி என்று ஒருவர் வந்தார், ஆராய்ச்சி செய்பவர், நம் தமிழ்க்காரர்தான். கையில் ஒரு சின்ன நாசில், சொட்டு விழுகிற குழல்முனை. இன்சுலின் சுரக்கிற உயிருள்ள செல்களைக் கடல்பாசிப் பசையில் கலந்து ஊசி வழியாகச் சொட்டவிட்டால், கீழே கால்சியம் தண்ணீரில் விழுந்ததும் ஒவ்வொரு சொட்டும் உருண்டையாக உறைந்துவிடுமாம், கடுகைவிடச் சின்னதாக. அதை உடம்புக்குள் வைத்தால் சர்க்கரை உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும், அந்நிய செல்லைக் கொல்ல வருகிற நம் ரத்த அணுக்கள் மட்டும் உள்ளே நுழைய முடியாது. ஆனால் அவர் செய்த உருண்டைகளுக்கெல்லாம் வால் முளைத்தது. வால் இருந்தால் உடம்பு அதைச் சுற்றித் தழும்பு கட்டி, உள்ளேயிருக்கும் செல்கள் மூச்சுமுட்டிச் செத்துவிடுமாம். நாசிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சொட்டை அறுத்துவிட ஊசியைச் சுற்றிக் காற்று வருகிற துளை ஒரு முடியளவு ஒதுங்கியிருந்தது. "மேடம், ஓட்டை கோணலா இருக்கு, நான் வேற போட்டுத் தரேன்" என்றேன். மூன்று வீணாகி நாலாவது சரியாக வந்தது.

வெள்ளிக்கிழமை லேபுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். மைக்ராஸ்கோப்பில் ஒன்றுக்குக்கூட வால் இல்லை, அத்தனையும் முழு வட்டம்! நானூறுக்கு மேல் சுகர் இருந்த எலி, உருண்டைகளை உள்ளே வைத்து எண்பது நாளாயிற்று, என் கண்முன்னே ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் நூற்றிருபத்தெட்டு. நான் போட்ட சத்தத்தில் எலி கூண்டு மூலைக்கு ஓடிவிட்டது. பேடா டப்பாவோடு போனால் எதிர்வீட்டு ஷிண்டே அம்மா, "முலீச்ச லக்ன டரல கா?" என்று உன் கல்யாணம் நிச்சயமானதா எனக் கேட்டார், நான் எலிக்கு சுகர் இறங்கியதைச் சொன்னதும் பேடாவை எடுப்பதா வேண்டாமா என்று யோசித்தார். அம்மா, "இந்த மனுசனுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு அவள் மட்டும் நாலு தின்றாள்.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், "சார், இது எலிதான், மனுஷங்களுக்கு வர வருஷக்கணக்காகும், வராமலும் போகலாம்" என்று. ஆகவே ஒரு ஊசிகூடத் தவறக்கூடாது, கேட்டாயா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பதினோரு வயதில், முதல் ஊசி நான் போட வேண்டிய காலையில், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேனே, அன்று எனக்கு ஷிஃப்டே இல்லை. உனக்கு ஊசி குத்தப் பயந்து எம்பிரஸ் கார்டன் வாசலில் போய் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வருஷமாக உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, இன்று வந்துவிட்டது.

கர்த்தருடைய கை உன் தலைமேல் இருக்கட்டும், அம்மாவின் முத்தங்கள். சுகர் திடீரென்று இறங்கினால் போட்டுக்கொள்ளப் பையில் குளுக்கோஸ் இல்லாமல் வெளியே கிளம்பாதே.

உன் அப்பா,
ஜெ. ஜெயசீலன், டர்னர்