டைசிக்கு எத்தனை வயது?

7 மார்ச் 1938, திங்கள்
அம்மா இன்றும் ஹாலவெல் வீட்டுத் துணியை அண்டாவில் வேகவைத்தாள். விரல் கணுவெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. முதியோர் உதவிப் பணம் வந்தால் இந்தத் துவைப்பை விட்டுவிடலாம். ஆனால் அறுபத்தைந்து தாண்டியதற்கு அத்தாட்சி வேண்டுமாம். அடிமையாகப் பிறந்தவளுக்கு எவன் பிறப்புச் சீட்டு எழுதினான்?

உதவிப் பண ஆபீஸ் குமாஸ்தா சொன்னான்: "தெரிஞ்ச வெள்ளைக்காரங்க யாராவது வந்து சொன்னாப் போதும்." இந்த ஊரில் கறுப்பர்கள் நம் வயதுகூட அவர்கள் வாயில்தான் இருக்கிறது.

9 மார்ச்
ஹாலவெல் வீட்டு மிஸ் கொரின் தன் குடும்பக் காகிதங்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிறாள். அவள் வீட்டுச் சமையல்காரி நான்தான் பெட்டியைத் தூசி தட்டினேன். கடிதங்கள், பருத்தி எடைச் சீட்டுகள், மருத்துவர் ரசீதுகள். தோட்டத்துப் புத்தகம் ஒன்றில், கோவேறு கழுதைக் குட்டிகளுக்கு அடுத்த பக்கத்தில், அடிமையாயிருந்த எங்கள் ஆட்கள் பெற்ற பிள்ளைகள். "டைசி, ஹெஸ்டரின் பெண், பிப்ரவரி 1863." அம்மாவுக்கு எழுபத்தைந்து!

மிஸ் கொரினிடம் காட்டி, அந்தப் பக்கத்தைக் கேட்டேன். "பல்கலைக்கழகத்துக்குப் போறதுடி, கிழிக்கக் கூடாது. நானே ஆபீசுக்கு வரேன் ஆர்டி. நான் சொன்னாப் போதாதா?" என்றாள். போதும் என்றுதான் நினைத்தேன்.

11 மார்ச்
மிஸ் கொரின் தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். குமாஸ்தா நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"டைசியா? அறுபது இருக்கும். அதுக்கு மேல இருக்காது."

நான் குறுக்கே பேசினேன். "மிஸ் கொரின், அந்தப் புத்தகம்..."

"எந்தப் புத்தகம் ஆர்டி?"

முகத்தில் ஒரு சலனம் இல்லை! என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நானும் அவளும் ஐம்பது வருஷம் முன்னால் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். அவளைப் பெற்றவள் காய்ச்சலில் கிடக்க, என் அம்மாதான் பால் கொடுத்தாள். முதலில் அவளுக்கு, மிச்சம் எனக்கு. சின்ன வயதிலிருந்து அவள் வீட்டு அடுப்படியில் நிற்கிற என்னைப் பார்த்து எந்தப் புத்தகம் என்கிறாள். சே, என்ன பெண் இவள்!

அம்மா கேட்டாள், ஆச்சா என்று. இன்னும் ஆகவில்லை என்றேன்.

14 மார்ச்
மிஸ் கொரின் தொலைபேசியில் தோழியிடம் பேசியது சமையலறை வரை கேட்டது. "இந்த உதவிப் பணத்தைக் காட்டி நல்ல ஆளுங்களைக் கெடுக்கறாங்க. டைசி மாதிரி துணிக்குக் கஞ்சி போட இந்த ஊர்ல யாரு இருக்கா, சொல்லு."

இதற்குத்தானா? ஒரு மேஜை விரிப்பு மடங்காமல் நிற்பதற்காகவா?

16 மார்ச்
புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன், அந்தப் பக்கம் இல்லை. கத்தரியால் சுத்தமாக வெட்டியிருக்கிறாள். கழுதைகளை விட்டுவைத்திருக்கிறாள்.

கையில் கிடைத்தபோது கிழித்து மடியில் செருகாமல், ஐயோ புத்தகம் கெடுமே என்று திரும்ப வைத்தேனே. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

22 மார்ச்
பல்கலைக்கழகத்திலிருந்து லாத்ரப் என்றொருவர் வந்து சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பினார். சணல் கயிறு கட்டிய ஒரு கட்டு. மிஸ் கொரின் அதைப் பிரித்தே பார்த்ததில்லை, கயிற்று முடிச்சில் அவ்வளவு தூசி. அடிமைகளை விடுவித்த யுத்தம் முடிந்தபின் எங்கள் ஆட்களோடு கூலிக்கு எழுதிய ஒப்பந்தங்களாம்.

"1866, மார்ச். ஹெஸ்டர், வயல் வேலை. கூட ஒரு குழந்தை, டைசி, வயது மூணு," என்று படித்தவர், "இந்த டைசியைப் பத்தி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"அந்தக் காலத்துல எத்தனையோ டைசி," என்றாள்.

காபிக் கெட்டிலோடு நின்றிருந்தேன். அதை மேஜையில் வைத்தேன். "எங்கம்மாங்க. நீங்க கை வெச்சிருக்கீங்களே, இந்த விரிப்பைத் துவைச்சவ. வயசுக்கு அத்தாட்சி இல்லாம நிக்கறா."

"ஆர்டி, காபி ஆறுது," என்றாள் மிஸ் கொரின்.

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நகல் எடுத்து முத்திரை போட்டு ஆபீசுக்கே அனுப்பறேன்," என்றார். அடியில் என் பாட்டி ஹெஸ்டர் கையெழுத்தாகப் போட்ட பெருக்கல் குறியை எனக்குக் காட்டினார்.

ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன், இனி அந்த வேலைக்குப் போவதில்லை. அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டு முடித்தாள். பிறகு, "பணம் வரட்டும். அப்புறம் கோவப்படலாம்," என்றாள்.

29 ஏப்ரல்
வந்துவிட்டது.

2 மே, திங்கள்
துணி எடுக்க அம்மா போகவில்லை. பத்து மணிக்கு மிஸ் கொரினே காரில் வந்து இறங்கினாள், மூட்டையும் கையுமாக. இந்த முற்றத்தில் அவள் கால் வைத்து எத்தனை வருஷம்!

"என்ன டைசி, உடம்பு சரியில்லையா?"

அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு அறுபதுன்னு ஆபீசுல சொன்னியாமே கொரினம்மா."

"அது... குத்துமதிப்பா..."

"அப்போ உன்னை மடியில போட்டுக்கிட்டப்ப எனக்குப் பத்து வயசு. பத்து வயசுப் பொண்ணுகிட்ட எப்படிம்மா பால் குடிச்சே?"

மிஸ் கொரின் மூட்டையைக் கீழே வைத்தாள். கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்துபோனது.

"மூட்டையை எடுத்துக்கிட்டுப் போ. ஆர்டி, கார்க் கதவைத் திறந்து விடு," என்றாள் அம்மா.

நான் எழுந்திருக்கவில்லை. அவளேதான் திறந்துகொண்டாள்.