டுபாய் வழியாகப் போகாத மச்சாள்

மெத்ரோ வாசலில் சோளப்பொத்தி வாட்டுகிற புகை இன்று மூக்கில் அடித்ததும் அப்படியே நின்றுவிட்டேன், மச்சாள். பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற இந்த லா சப்பலில் இதொன்றும் புதினம் இல்லை. கடைத் தள்ளுவண்டியின் மேல் தகரத்தை வைத்து, அதில் கரியைக் கொட்டி வாட்டுவார்கள். பொலிஸ் வந்தால் நெருப்போடு தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். வேலை முடிந்து வரும்போது நாளாந்தம் அந்தப் புகைக்குள்ளால்தான் வருகிறேன். ஆனால் இன்று ஒரு வயதான மனுசி பொத்தியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கருக்கிவிடு என்று சைகை காட்டிக்கொண்டு நின்றார். அச்சொட்டாக நீங்கள்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நீங்கள் கண்ணை மூடி ஆறு மாதமாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தால் இன்னும் கை தானாகப் போனை எடுக்கிறது. ரொறொன்ரோவில் இப்போது காலை, மச்சாள் தேத்தண்ணி குடித்திருப்பார் என்று ஒரு நினைப்பு ஓடி, பிறகுதான் நிற்கிறது. உறவுமுறைப்படி பார்த்தால் நீங்கள் என் மனிசனின் அக்கா, நீங்கள் எனக்கு மச்சாள், நான் உங்களுக்கு மச்சாள், அவ்வளவுதான். ஆனால் வன்னியில் அம்மாவோடு தனித்துக் கிடந்த என்னைத் தம்பிக்கு என்று தேடிப் பிடித்ததே நீங்கள். என் அம்மா செத்தபோது கனடாவிலிருந்து இரவு முழுக்கப் போனில் என்னோடு இருந்ததும் நீங்கள். எனக்கென்று மிஞ்சிய மூத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அதனால்தான் உங்கள் தம்பி என்னை விட்டுவிட்டுப் போனதை உங்களிடம் சொல்லவில்லை. அவர் தெற்கே துலூஸ் நகரப் பக்கம் யாரோடோ போய் இருந்துகொண்டார். போகும்போது தன் ஆட்களுக்குத் தானே சொல்வதாகச் சொன்னார். சொன்னாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. எனக்கிருந்த பயம் ஒன்றுதான். கயிறு அறுந்தால் வாளியும் போய்விடுமே. அவர் வழியாக வந்த நீங்கள் அவரோடேயே போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். "தம்பி எங்கை?" என்று நீங்கள் கேட்கிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வேலையில் இருந்தார், நித்திரையில் இருந்தார், குளித்துக்கொண்டிருந்தார். என் கதையில் அந்த மனிதர் குளித்த குளிப்புக்குத் தோல் கழன்றிருக்க வேண்டும்.

அப்போதுதான் நீங்கள் போனில் குண்டைப் போட்டீர்கள்.

"பிள்ளை, ஊருக்குப் போறன். பாரிஸாலை வாறன். காலமை இறங்கினா இரவுதான் அடுத்த பிளேன். ஒரு பகல் முழுக்க உங்கடை ஊரைப் பாக்கலாம்."

போனை வைத்துவிட்டு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. பிறகு ஒரு யோசனை வந்தது. வீட்டுக்கு வர நேரமே இல்லாதபடி இந்த மனுசியை ஓட ஓடக் காட்ட வேண்டும். ஈஃபிள் கோபுரம், ஆறு, பெரிய கோயில், இன்னும் என்னென்ன உண்டோ எல்லாம். கால் உளைந்து, களைத்து, நேரே பிளேனில் ஏற்றிவிட வேண்டும். இத்தனை வருடம் பாரிஸில் இருந்தும் ஈஃபிள் கோபுரத்தின் கிட்டே நான் போனதே இல்லை. ஹோட்டல் அறைகள் கூட்டித் துடைக்கிறவளுக்கு அங்கே என்ன அலுவல்? கூட வேலை செய்யும் பெட்டையிடம் வழி கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு ருவாசி விமானநிலையத்துக்கு வந்தேன்.

நீங்கள் வந்ததும் கட்டிப்பிடித்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தீர்கள்.

"தம்பி வரேல்லையோ?"

"வேலை மச்சாள். செஃப் லீவு குடுக்கேல்லை."

"ஓம் ஓம், வேலையெண்டா வேலைதானே," என்றீர்கள். அவ்வளவு லேசாக விட்டுவிட்டீர்களே என்று எனக்குப் பெரிய ஆறுதல். அப்பவே யோசித்திருக்க வேண்டும். நீங்கள் எதை லேசாக விட்டிருக்கிறீர்கள்?

ரெயிலில் ஏறியதும் கதவுக்கு மேலே இருந்த வரைபடத்தில் நிலையங்களின் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினீர்கள். அவர் போன பிறகு நான் விட்டுவிட்ட எங்கள் பழைய வீடு இருந்த திரான்சி அந்தப் பாதையில்தான் இருக்கிறது. பார்சல்களில் எத்தனை தரம் அந்த விலாசத்தை எழுதியிருப்பீர்கள்.

"உது திரான்சியெல்லே? அப்ப வழியிலைதானே வீடு? இறங்கி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவமே?"

"இந்த ரெயின் அங்கை நிக்காது மச்சாள்!"

உண்மையில் அது இடையில் எங்கும் நிற்காத ரெயில். திரான்சி நிலையம் யன்னலுக்குள் வந்து ஒரு நொடியில் பின்னால் போனது. அந்த ரெயிலை ஓட்டியவன் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

துறொக்கதேறோவில் இறங்கி, கோபுரத்துக்கு நேரெதிரே இருக்கிற பெரிய மேடைக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே வெள்ளைக் கவுனும் கோட்டுமாகப் பொம்பிளை மாப்பிள்ளைச் சோடிகள் வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கோபுரத்தைப் பார்க்கவில்லை, அவர்களைத்தான் வாயைப் பிளந்து பார்த்தீர்கள்.

"இண்டைக்கென்ன பிள்ளை, முகூர்த்த நாளே? ஊரிலை இருக்கிற எல்லாருக்கும் ஒண்டாக் கலியாணம் நடக்குது!"

"படத்துக்கு வாறவை மச்சாள். கலியாணம் முடிஞ்சுதோ முடியேல்லையோ தெரியாது. கெதியா நில்லுங்கோ, உங்களை ஒண்டு எடுப்பம்."

எடுத்தேன். அதில் உங்கள் தலைக்கு மேல் கோபுரம் இல்லை, ஒரு சீனத்து மாப்பிள்ளையின் முழங்கைதான் இருக்கிறது. திருப்பி எடுக்க நேரம் எங்கே? உடனே பஸ். பஸ்ஸிலிருந்தபடியே வெற்றி வளைவைக் காட்டினேன், நீங்கள் திரும்புவதற்குள் அது போய்விட்டது. பிறகு ஆற்றங்கரை. பாலத்துக் கம்பியில் காதல் சோடிகள் பெயர் எழுதித் தொங்கவிட்ட பூட்டுகளைத் தடவிப் பார்த்தீர்கள்.

"பூட்டிப்போட்டுத் திறப்பை ஆத்துக்கை எறிஞ்சுவிடுவினம் மச்சாள். பிரியாமல் இருக்க."

"திறப்பை எறிஞ்சுபோட்டு வீட்டை என்னெண்டு போறது? விசர்க் கூட்டம்," என்றீர்கள்.

அந்தப் பெரிய கோயிலான நோத்ர் டாமின் வாசலில் இருந்த சனவரிசையைக் கண்டதும் உங்கள் கால் நின்றுவிட்டது. வெளியிலிருந்தே கும்பிட்டீர்கள். அங்கே ஒரு கல் வாங்கிலில் இருந்தீர்கள், சப்பாத்தைக் கழற்றினீர்கள். கால் வீங்கி, சப்பாத்தின் விளிம்பு தோலில் பதிந்துபோயிருந்தது. நான் போனில் நேரத்தைப் பார்த்துப் பார்த்து, அடுத்தது அந்த மலைக்கோயில், மேலே போனால் முழுப் பாரிஸும் தெரியும் என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

"நான் இனி எழும்பன். உந்த மலை எனக்கு வேண்டாம். எங்கையாவது ஒரு பிளேன்ரீயும் வடையும் வாங்கித் தா. இல்லாட்டி என்னை இஞ்சையே விட்டிட்டுப் போ."

அதற்கு மேல் நான் என்ன செய்ய? பிளேன்ரீயும் வடையும் என்றால் லா சப்பல்தான். அங்கே கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்றுதான் காலையிலிருந்து பாரிஸையே சுற்றியடித்தேன். லா சப்பலில் ஒருவர் தும்மினால் நகருக்கு வெளியே கூசேன்வில்லில் இருக்கிற தமிழர் சுகம் விசாரிப்பார். ஒதுக்குப்புறமாக ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடையாகப் பார்த்து உங்களை இருத்தினேன். கடைக்கார அக்கா தேத்தண்ணியை மேசையில் வைத்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்தார்.

"என்ன பிள்ளை, ஒபர்வில்லியேயிலை எடுத்த அறை சரிவந்ததே? மனிசன் இல்லாமல் தனிய இருந்து பழகியிட்டியோ?"

நல்ல மனுசி, அன்பாகத்தான் கேட்டார். நான் உங்கள் பக்கம் திரும்பவில்லை. மேசையில் இருந்த சீனிப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வடையைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்து வாயில் போட்டு மென்று முடித்தீர்கள்.

"வடை நல்ல மொறுமொறுப்பு," என்றீர்கள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினீர்கள். "வா. உன்ரை அறையைக் காட்டு."

வெளியே வந்ததும் ஒன்றும் நடக்காதது போல மெத்ரோப் பாலத்துக்குக் கீழே சோளப்பொத்தி வாங்கினீர்கள். கருக்கச் சொல்லி வாங்கினீர்கள். ஒபர்வில்லியே போய்ச் சேரும்வரை மெத்ரோவில் அதைக் கடித்துக்கொண்டே வந்தீர்கள். நான் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து, என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வியர்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாடிப் படியையும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினீர்கள்.

அறை வாடகையை என்னோடு பங்குபோடுகிற பிள்ளை வேலைக்குப் போயிருந்தாள். அறைக்குள் வந்து நீங்கள் முதலில் செய்தது என் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்ததுதான். நாள் முழுக்க ஊரார் கட்டிலை விரிக்கிறவளுடைய கட்டிலை ஒருவர் விரிப்பதைப் பார்த்து எனக்கு எங்கே நிற்பதென்றே தெரியவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தீர்கள். அரைத் தேசிக்காயும் ஒரு டப்பாத் தயிரும் இருந்தன.

"தனியச் சமைச்சுத் தனியச் சாப்பிடுறியோ?"

"ஓம் மச்சாள்."

"இல்லை, நீ சமைக்கிறேல்லை. எனக்குத் தெரியுது."

"மச்சாள், நான் சொல்லவேணும் எண்டுதான்..."

"இரு. எனக்குப் போன தையிலேயே தெரியும். அவனே போன் எடுத்துத் தன்ரை நியாயத்தைச் சொன்னவன். நான் போனை வைச்சிட்டன். நீயும் சொல்லுவாய் எண்டு ஞாயிறு ஞாயிறாப் பாத்தன். நீ அவனைக் குளிக்க வாத்துக்கொண்டே இருந்தாய்."

நீங்கள் கட்டிலில் சாய்ந்து காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தீர்கள்.

"ஊருக்குப் போற கனடாச் சனம் எல்லாம் டுபாயாலை போகுது. எனக்கு மட்டும் என்னத்துக்குப் பாரிஸ்? உந்தக் கோபுரம் எங்கடை வீட்டு ஃபிரிட்ஜிலை காந்தமா ஒட்டியிருக்கு. அதைப் பாக்கவே வந்தனான்? நீ சாப்பிடுறியோ, எங்கை படுக்கிறாய் எண்டு பாக்க வந்தனான். நீயெண்டா என்னை ஆட்டை இழுத்த மாதிரி ஊர் முழுக்க இழுத்தடிச்சுப் போட்டாய்!"

சொல்லிவிட்டு முதலில் சிரித்தது நீங்கள். எனக்கு அந்த நேரம் வந்தது அழுகை இல்லை, மச்சாள், பசி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் பட்டிருக்கவில்லை. உங்கள் கைப்பையிலிருந்து பருத்தித்துறை வடைப் பையை எடுத்துத் தந்தீர்கள். நிலத்தில் இருந்து அவ்வளவையும் சாப்பிட்டு முடித்தேன். சாப்பிடச் சாப்பிட நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கிக்கொண்டே போனது. இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் பொய் தேட வேண்டாம் என்று நினைத்ததும் உடம்பே லேசாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் நீங்கள் வாயைத் திறந்தபடி குறட்டை. உங்களை எழுப்ப மனமே வரவில்லை. எழுப்பாமல் விட்டிருந்தால் பிளேனும் போயிருக்கும்.

ஒன்று மட்டும் என்னால் கேட்க முடியவில்லை. திட்டவில்லை, கோபிக்கவில்லை, அது சரி. ஆனால் நாளைக்கு விவாகரத்துக் கடதாசியும் வந்துவிட்டால் நான் உங்களுக்கு யார்? திரும்பிப் போகும் ரெயில் முழுக்க அந்தக் கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்தேன். சோதனை வாசலில்தான் துணிவு வந்தது.

"மச்சாள், இனி நான் உங்களை மச்சாள் எண்டு..."

கடைசி அழைப்பு என்று ஒலிபெருக்கி கத்தியது. நீங்கள் பையையும் சப்பாத்தையும் தட்டில் போட்டுக்கொண்டே, "ஞாயிற்றுக்கிழமை எடு, என்ன!" என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

நான் எடுத்தேன். ஊரிலிருந்தும் கதைத்தீர்கள், கனடா திரும்பியும் கதைத்தீர்கள், சுகமில்லாமல் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் கதைத்தீர்கள். சமையல் கேட்டீர்கள், குளிர் கேட்டீர்கள். கடதாசி வந்தது, கையெழுத்து வைத்தேன் என்று சொன்னபோது, "சரி, முடிஞ்சுது சனியன்," என்றீர்கள். அந்தப் பழைய கேள்வியை நானும் பிறகு கேட்கவில்லை. கேட்டு ஏதாவது மாறிவிட்டால் என்ற பயம்தான், வேறென்ன.

நீங்கள் போன அடுத்த நாள் உங்கள் மகள் அழைத்தாள். மரண அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தாள். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் மைத்துனி என்று உறவு முழுக்க வரிசையாக வருகிற அந்த அறிவித்தலில் யார் பெயர் விடுபட்டாலும் எங்கள் சனம் பத்து வருடத்துக்குக் கதைக்காது. கனடாவில் பிறந்த பிள்ளை, தமிழில் திக்கித் திணறிக்கொண்டிருந்தாள்.

"மாமி, உங்கடை பேரை எப்பிடி எழுதுறது? எழுத்து எல்லாம் சரியாச் சொல்லுங்கோ."

"என்ரை பேரோ? நான் இப்ப அதிலை வரமாட்டன் பிள்ளை. மாமாவின்ரை பேர் மட்டும் போட்டாக் காணும்."

"மாமாவும் அதைத்தான் சொன்னவர். காலமை கோல் பண்ணிப் பெரிய சண்டை. உங்கடை பேர் வந்தாத் தன்ரை பேரைப் போடவேண்டாம் எண்டார். ஆனா அம்மா ஆஸ்பத்திரியிலை வைச்சே சொல்லிப்போட்டா. மாமா இப்பிடித்தான் துள்ளுவார் எண்டும் சொன்னவ. துள்ளினா என்ன சொல்லவேணும் எண்டும் சொல்லித் தந்தவ."

"என்ன சொல்லித் தந்தவ?"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடமாக்கினதைப் போல, உங்களுடைய குரலிலேயே சொன்னாள், மச்சாள்:

"'அவன் விட்டது தன்ரை மனிசியை. என்ரை மச்சாளை விடுறதுக்கு அவன் ஆர்?'"

ஹோட்டல் நடையில், கையில் அழுக்குத் துவாய்க் குவியலோடு நின்றபடி, என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அவளுக்குச் சொன்னேன்.